ஆற்று மீன்பிடி, மட்டக்களப்பு

முகைதீன்பாவா பாலமீன்மடுவுக்கு மீன் வாங்க வரவில்லை. காத்தான்குடியில் அவருக்கு ஒரு கடை இருந்தது. பழைய நாணயம், முத்திரை, முள் உடைந்த சுவர்க்கடிகாரம், வெள்ளைக்காரன் காலத்துத் தபாலட்டை என்று ஊரில் எவனும் திரும்பிப் பார்க்காத சாமான்களைத் தேடி எடுத்து, அவற்றுக்காக ஏங்கிக் கிடக்கிற கொழும்புப் பைத்தியங்களுக்கு விற்பது அவருடைய தொழில். சுனாமிக்குப் பிறகு உதவி நிறுவனங்களோடு வந்து இறங்கிய வெளிநாட்டுக்காரர்கள் அவருக்கு நல்ல வாடிக்கையாக இருந்தார்கள். யுத்தம் முடிந்து ஒரு வருசத்தில் அவர்களும் மூட்டை கட்டிவிட்டார்கள். கையில் மிஞ்சியிருந்த ஒரே நல்ல சரக்கைப் பிளாஸ்டிக் உறைக்குள் போட்டுச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, ஒரு நாள் காலை தோணிகள் கரையேறுகிற இடத்தில் வந்து மோட்டார் சைக்கிளை நிறுத்தினார்.

“தொடாமப் பாருங்க,” என்றார். “இது எங்கட ஆறா இல்லையா? அத மட்டும் செல்லுங்க. களுத்துறை ஆறெண்டு கொழும்பில ஒருத்தன் சண்டைக்கு நிக்கான்.”

வாவியை அங்கே எல்லோரும் ஆறு என்றுதான் சொல்வார்கள். தோணிக்காரர்கள் கையைச் சாரத்தில் துடைத்துக்கொண்டு சுற்றி நின்றார்கள். பழுப்பேறிய அட்டை. தண்ணீரில் ஒரு தோணி. தோணியின் முனையில் இடுப்பில் துண்டோடு ஒருவன் வீச்சுவலையை எறியத் தயாராக நிற்கிறான். வலையில் பாதி முழங்கையில் கிடக்கிறது. ஓரத்தின் ஒரு பிடியைப் பல்லில் கடித்துக்கொண்டிருக்கிறான். கீழே ஆங்கில எழுத்து.

“கீழ மட்டக்களப்பெண்டு எழுதிக் கிடக்கே காக்கா,” என்றான் ஒருவன் முகைதீன்பாவாவிடம்.

“எழுதினவன் வெள்ளக்காரன். அவனுக்கு எல்லா ஆறும் ஒண்டுதான்.”

“ஆளப் பாருங்க, விலா எலும்பெல்லாம் தெரியிது,” என்றான் வினாயகமூர்த்தி. “காலம முழுக்க வீசியும் ஒண்டும் படல்ல. எங்கட ஆறுதான். சந்தேகமே இல்ல.”

எல்லோரும் சிரித்தார்கள். நல்லரத்தினம் சிரிக்கவில்லை. அவன் குனிந்து படத்துக்குக் கிட்டப் போனான். மூக்கு பிளாஸ்டிக்கில் முட்டுகிற அளவுக்குப் போனான்.

“இது என்ட சதீசன்,” என்றான்.

சிரிப்பு நின்றது. சதீசன் அவனுடைய மகன் என்பதும், இப்போது இல்லை என்பதும் எல்லோருக்கும் தெரியும்.

நல்லரத்தினத்துக்கு நாவலடியில் வீடு இருந்தது. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் ஆறு, நடுவில் மணல். சுனாமி அந்த மணலைத் துடைத்துவிட்டுப் போனது. மகள் தனுஷியா போனாள். அவளை மூன்றாம் நாள் கண்டெடுத்தார்கள். வீடு போனது, அலுமாரி போனது, அலுமாரிக்குள் இருந்த படங்கள் போயின. மகன் சதீசன் அன்று செங்கலடியில் ஒரு கட்டிட வேலையில் இருந்ததால் தப்பினான். மேசன் வேலை தெரிந்தவனுக்கு அந்த வருசம் நாட்டில் நல்ல கிராக்கி. முல்லைத்தீவில் சுனாமி வீடு கட்டுகிறார்கள், கூலி நல்லதாம் என்று போனான். போனவன் திரும்பி வருவதற்குள் பாதையைப் பூட்டினார்கள். சண்டை தொடங்கியது. ஒருமுறை செஞ்சிலுவைச் சங்கத்தார் ஒரு துண்டு கொண்டுவந்து கொடுத்தார்கள். நான் சுகம், இங்கே மழை என்று எழுதியிருந்தது. அதற்குப் பிறகு சண்டை முடிந்தது என்று வெடி கொளுத்தினார்கள். சதீசன் வரவில்லை.

காணாமல் போனவர்களைப் பற்றிக் கேட்க அரசாங்கத்தின் குழு ஒன்று வரப்போகிறது என்று திராய்மடுவில் சொல்லிக்கொண்டார்கள். சுனாமி ஆட்களைக் குடியேற்றிய இடம் அது. நல்லரத்தினமும் மனைவி ஆச்சிப்பிள்ளையும் இப்போது அங்கேதான். குழுவிடம் பதிந்தால் பைல் திறப்பார்கள். பைல் இருந்தால் முகாம் முகாமாகத் தேடுவார்கள். ஆனால் படம் கட்டாயம். படம் இல்லாதவர்களின் முறைப்பாட்டை எடுக்கமாட்டார்கள்.

அங்கேதான் அவர்கள் இருவரும் முட்டி நின்றார்கள். செத்துப்போன மகளுக்குப் படம் கேட்க ஒரு கந்தோரும் இல்லை. உயிரோடு இருக்கக்கூடிய மகனுக்குத்தான் படம் கேட்டார்கள். உறவினர் வீடுகளும் நாவலடியில்தான் இருந்தன, அவர்களிடமும் இல்லை. ஒரு கூட்டாளியின் கலியாணப் படத்தில் சதீசன் நின்றான், ஆனால் சோடாத் தட்டம் முகத்தை மறைத்திருந்தது, ஒரு காது மட்டும் தெரிந்தது. அடையாள அட்டைக்குக் கொடுத்த படம் கொழும்பில் ஒரு கந்தோரில் இருக்கும் என்று யாரோ சொல்ல, நல்லரத்தினம் பஸ் ஏறிப் போனான். அங்கே இருந்தவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, அதன் பிரதி வேண்டுமென்றால் சம்பந்தப்பட்டவர் நேரில் வந்து கையெழுத்துப் போடவேண்டும் என்றார்.

“என்ன கதை இது,” என்றார் முகைதீன்பாவா இப்போது. “படம் எடுத்து நூறு வருசம் இரிக்கும். பின்னால மகாராசாட முத்திரை குத்திக் கிடக்கு.”

“தெரியும் காக்கா. முகத்தச் சொல்றன்.”

வினாயகமூர்த்தி எட்டிப் பார்த்தான். “கண்ணச் சுருக்கிக்கிட்டு நிக்கிறவன் எல்லாரும் இப்பிடித்தான் இருப்பான். என்ட மச்சான் மாதிரியும் கிடக்கு.”

நல்லரத்தினம் அதை அங்கேயே விட்டிருக்கலாம். விடவில்லை. சோறு தின்னும்போது வாய் தவறி ஆச்சிப்பிள்ளையிடம் சொன்னான். அவள் கையைக் கழுவிவிட்டு எழும்பி, செருப்பைப் போட்டுக்கொண்டு, காத்தான்குடிக்கு எந்த பஸ் என்று கேட்டாள்.

கடையில் அவள் அட்டையை வெகுநேரம் பார்த்தாள். அழவில்லை. “இவன்தான்,” என்றாள்.

“அம்மா, நல்லா விளங்கிக்கங்க. இந்த மனிசன் மௌத்தாகிப் பேரப்புள்ளைகளும் மௌத்தாகி இரிக்கும்.”

“அது பரவால்ல. இதத் தாங்க.”

“தரவா? இது கொழும்புக்குப் போக இரிக்கி. பேசி முடிச்சாச்சி.”

ஆச்சிப்பிள்ளை கடை வாசலில் குந்திவிட்டாள். கத்தவில்லை, கெஞ்சவில்லை. வாசலை அடைத்துக்கொண்டு சும்மா இருந்தாள். சாமான் பார்க்க வந்தவர்கள் அவளைத் தாண்ட முடியாமல் திரும்பிப் போனார்கள். முகைதீன்பாவா கூட வந்திருந்த நல்லரத்தினத்தைப் பார்த்தார். நல்லரத்தினம் தரையைப் பார்த்தான். கடைசியில் அவர், “என்ட மருமகன் இஷாம் ஸ்டூடியோ வெச்சிரிக்கான். கொம்பியூட்டர்ல ஏத்தித் தரச் செல்றன். அட்டைய நான்தான் கொண்டு வருவன், நான்தான் கொண்டு போவன்,” என்றார்.

இஷாம் கெட்டிக்காரப் பெடியன். அட்டையை ஏற்றி, முகத்தையும் தோளையும் மட்டும் வெட்டிப் பெரிதாக்கினான். பழுப்பை எடுத்துவிட்டு மாநிறம் போட்டான். தலைமயிரைக் கொஞ்சம் குறைத்தான்.

“மேல் வெறும் மேலாக் கிடக்கு. கோட்டுப் போடுவமா?”

“கோட்டு வேணாம். நீலச் சேட் போடுங்க தம்பி. காலர் வெச்ச,” என்றாள் ஆச்சிப்பிள்ளை.

சேட் வந்தது. கழுத்துக்குச் சரியாகப் பொருந்தியது. பிறகு இஷாம் கதிரையைப் பின்னால் தள்ளிக்கொண்டு பெருமூச்சு விட்டான். பிரச்சினை வாயில் இருந்தது. வலையைக் கடித்திருந்ததால் உதடு இழுபட்டுப் பல் தெரிந்தது. வலையை அழித்தால் அந்த இடத்தில் ஓட்டைதான் மிஞ்சியது.

“வேற வாய்தான் வெக்கோணும்,” என்றான். “ஆனா என்னட்டக் கிடக்கிறதெல்லாம் கலியாண மாப்புளைமார்ட வாய். எல்லாம் சிரிக்கிற.”

“இவர்ட வாய எடுங்க,” என்றாள் ஆச்சிப்பிள்ளை. “அவனுக்குத் தகப்பன்ட வாய்தான்.”

“விசர்க் கதை கதையாத,” என்றான் நல்லரத்தினம். “அவனுக்கு உன்ட வாய். மேலுதடு மெல்லிசு.”

“மெல்லிசா? ஆருக்கு? பெத்தவளுக்குத் தெரியாதா?”

“நானும்தான் பாத்த.”

“நீங்க எங்க பாத்த? நீங்க வலையோட கிடந்த. சாப்பாடு ஊட்டினது நான். அந்த வாய்க்குள்ள கைய வெச்சது நான்.”

நல்லரத்தினம் கண்ணை மூடி மகனின் வாயை நினைத்துப் பார்த்தான். சதீசன் பீடி குடிப்பதை மறைத்துக்கொண்டு வாயைப் பொத்தியபடி கதைப்பது நினைவுக்கு வந்தது. கை தெரிந்தது. வாய் தெரியவில்லை. அவன் வாதாடுவதை நிறுத்தினான்.

இஷாம் அவனை வெள்ளைத் துணிக்கு முன்னால் இருத்தினான். “வாய மூடுங்க. இல்ல, கோபப்படாம மூடுங்க. ஆ, அப்பிடியே இரிங்க.”

மீசையை அழித்து, சுருக்கத்தை அழித்து, நல்லரத்தினத்தின் வாயை அந்த முகத்தில் வைத்தான். முகைதீன்பாவா பின்னால் நின்று பார்த்துவிட்டு, “யா அல்லாஹ்,” என்று மட்டும் சொன்னார். அட்டையைத் திரும்ப உறைக்குள் போட்டுக்கொண்டு போய்விட்டார். அது அந்தக் கிழமையே கொழும்புக்குப் போயிற்று.

படத்தைக் கையில் வாங்கிய நல்லரத்தினத்துக்கு, இந்த ஆளை எங்கேயோ பஸ்ஸில் கண்டிருக்கிறோம் என்பது போல இருந்தது. அவ்வளவுதான். ஆச்சிப்பிள்ளை படத்தை நெஞ்சோடு வைத்துக்கொண்டாள். அன்றிலிருந்து அவள் படம் என்று சொல்லவில்லை. சதீசன் என்றே சொன்னாள். சதீசனை எடுத்து வையுங்க, சதீசன் நனையப்போகுது.

குழு வந்த நாள், பிரதேசக் கந்தோர் விறாந்தையில் வாங்கு போட்டிருந்தார்கள். போதாமல் பெண்கள் நிலத்திலும் இருந்தார்கள். எல்லோர் மடியிலும் ஒரு முகம் இருந்தது. பள்ளிக்கூடச் சட்டையோடு, கலியாண மாலையோடு, ஒன்று மோட்டார் சைக்கிளில் சாய்ந்தபடி. ஆச்சிப்பிள்ளை தன்னுடையதை நிமிர்த்தி வைத்துக்கொண்டாள். அவளுக்குப் பக்கத்தில் வெறுங்கையோடு ஒரு மனுசி இருந்தாள். வாகரையில் இருந்து வந்தவள், பெயர் சீனித்தங்கம். வாகரைச் சண்டையில் செல்லடிக்குள் காட்டால் நடந்து வந்தபோது, உடுத்த துணியைத் தவிர எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்தவள். அவளுடைய மகன் லக்ஷனை அதற்கு முன்பே இயக்கம் சண்டைக்கென்று பிடித்துக்கொண்டு போயிருந்தது.

அவள் சும்மா திரும்பினாள். திரும்பியவளின் கண் படத்திலேயே நின்றுவிட்டது.

“இது என்ட மகன்.”

“என்ன?”

“இது என்ட லக்ஷன். உங்களுக்கு எங்கால கிடைச்ச இந்தப் படம்?”

“விசரா உனக்கு? இது என்ட சதீசன்.”

“வாயப் பாருங்க! அந்த வாய் என்ட புள்ளைட வாய். இந்தச் சேட்டும் அவன்டதான்!”

“சேட்டுமா? சேட்ட நான்தான் சொல்லிப் போட்ட…” ஆச்சிப்பிள்ளை வாயை மூடிக்கொண்டாள். பிறகு இன்னும் சத்தமாக, “கள்ளி! ஆக்கள்ட புள்ளையப் பறிக்க வந்து நிக்கிறாள்!” என்றாள்.

சீனித்தங்கம் படத்தைத் தொடக் கையை நீட்டினாள். ஆச்சிப்பிள்ளை அந்தக் கையில் அடித்தாள். வாங்கில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். சுவரோரம் நின்ற நல்லரத்தினம் தன்னை அறியாமல் கையால் வாயைப் பொத்திக்கொண்டான்.

உள்ளே ஆச்சிப்பிள்ளையின் முறைப்பாட்டை எடுத்தார்கள். படத்தைப் பைலில் குத்தினார்கள். இலக்கம் கொடுத்தார்கள். சீனித்தங்கத்துக்குப் படம் இல்லை என்று திருப்பி அனுப்பினார்கள். அவள் கந்தோர் பைப்படியில் நின்று முகத்தைக் கழுவிக்கொண்டே இருந்தாள். ஆச்சிப்பிள்ளை பஸ் வருகிறதா என்று பார்க்கப் போன நேரம், நல்லரத்தினம் பைப்படிக்குப் போனான். இஷாம் கொடுத்ததில் மிச்சப் படங்கள் அவன் பையில் இருந்தன.

“இஞ்ச,” என்று ஒன்றை நீட்டினான்.

அவள் ஈரக் கையைச் சேலையில் துடைத்துவிட்டு இரண்டு கையாலும் வாங்கினாள்.

“இத அங்க குடுத்திராத. விளங்குதா? வீட்டில வெச்சுப் பாத்துக்க.”

“சத்தியமா அண்ணன். பாக்கத்தான். முகம் மறந்து போகுது எனக்கு. ராவில எழும்பி நினைச்சுப் பாக்கிறன், வருதில்ல.”

அவன் ஏன் அதைச் செய்தான் என்று கேட்டால், அவனுக்கே சொல்லத் தெரியாது. அந்த முகம் சதீசனுடையது இல்லை என்று அவனுக்குத் தெரியும். தங்களுடையது இல்லாத ஒன்றை இன்னொருத்திக்குக் கொடுக்க மறுப்பது களவு போல இருந்தது. அவ்வளவுதான் அவன் யோசித்தான். அதற்கு மேல் யோசித்திருக்க வேண்டும்.

சீனித்தங்கம் சத்தியத்தைக் காப்பாற்றவில்லை. படம் இருந்தால் பைல், பைல் இருந்தால் தேடுவார்கள் என்று சொல்லப்பட்ட எந்தத் தாய் காப்பாற்றுவாள்? குழு அடுத்த தடவை வாழைச்சேனைப் பக்கம் இருந்தபோது கொண்டுபோய்க் கொடுத்துவிட்டாள்.

மாரி தொடங்கிய பிறகு, இரண்டு குடும்பத்தையும் ஒரே நாளில் வரச்சொன்னார்கள். ஒரே மேசைக்கு முன்னால் இருத்தினார்கள். மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர். ஓரத்தில் மொழிபெயர்க்க ஒரு இளம்பெண், மேனுகா என்று பெயர், களுவாஞ்சிக்குடியாள். நடுவில் இருந்த பெரியவர் இரண்டு பைல்களையும் திறந்து, இரண்டு படங்களையும் அருகருகே வைத்தார். ஒரே கண், ஒரே வாய், ஒரே நீலச் சேட், காலரில் ஒரே மடிப்பு.

“ஐயா கேக்கிறார், ஒரே படத்த ரெண்டு பேர் தந்திருக்கீங்க. இவர் ஆர்ட மகன்?”

“என்ட,” என்றார்கள் இரண்டு பெண்களும்.

ஆச்சிப்பிள்ளை மெதுவாகத் திரும்பிப் புருசனைப் பார்த்தாள். இவளுக்குப் படம் எப்படிப் போனது என்று அவளுக்கு அந்த நொடியில் விளங்கிவிட்டது. அந்த இடத்திலேயே அவள் ஏசியிருந்தால் நல்லரத்தினத்துக்கு லேசாக இருந்திருக்கும்.

“ஒரு ஆளுக்கு ரெண்டு பைல் வெக்கேலாதாம். ஒண்ட மூடோணுமாம். ஆர் மூடுறீங்க?”

பெரியவர் பேனையால் மேசையைத் தட்டினார். வெளியே ஆட்கள் காத்திருந்தார்கள்.

நல்லரத்தினம் மேனுகாவின் பக்கம் சாய்ந்தான். “மகள், அது இவங்க ரெண்டு பேர்ட மகனும் இல்ல. அது பழைய தபாலட்டையில மீன் பிடிக்கிற ஒரு மனிசன். ஸ்டூடியோவில செய்த படம். வாய் மட்டும் என்ட.”

மேனுகா அவனைப் பார்த்தாள். அவன் வாயைப் பார்த்தாள். மேசையில் கிடந்த படங்களைப் பார்த்தாள். குரலைத் தாழ்த்திக்கொண்டு, “அப்பா, இத நான் சொன்னா ரெண்டு பைலையும் இப்பவே மூடிருவாங்க. பொய்ப் படம் தந்ததெண்டு உங்களையும் புடிச்சு விசாரிப்பாங்க. சொல்லவா?” என்றாள்.

சீனித்தங்கம் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆச்சிப்பிள்ளை படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள், கண் வெட்டாமல்.

“வேணாம்,” என்றான் நல்லரத்தினம்.

“அப்ப என்ன சொல்ல?”

“ஒண்டும் சொல்லாத.”

மேசைக்கு அந்தப் பக்கம் அவர்கள் தங்களுக்குள் சிங்களத்தில் கதைத்தார்கள். இடது பக்கம் இருந்த கண்ணாடிக்காரர் ஏதோ சொன்னார். பெரியவரின் முகம் தெளிந்தது. நல்ல மனிதர்தான், ஒருவரையும் வெறுங்கையோடு அனுப்ப அவருக்கு விருப்பமில்லை.

“இயக்கத்தில சேர்ந்தா வேற பேர் வைப்பாங்கதானே,” என்றாள் மேனுகா. “அப்பிடி இவருக்கும் ரெண்டு பேரா இருக்குமா எண்டு கேக்கிறாங்க. சதீசன் எண்டும் லக்ஷன் எண்டும். ஓமெண்டா ஒரு பைலாச் சேத்துப் போடலாமாம். பைல் நிக்குமாம்.”

“அவன் இயக்கம் இல்ல,” என்றான் நல்லரத்தினம். “அவன் மேசன். வீடு கட்டப் போன.”

“என்ட மகனத்தான் இயக்கம் கொண்டு போன,” என்றாள் சீனித்தங்கம்.

“நீ சும்மா இரு!” என்று ஆச்சிப்பிள்ளை அவளை அதட்டினாள். பிறகு மேனுகாவிடம், “சேத்துப் போட்டா தேடுவாங்களா?” என்று கேட்டாள்.

மேனுகா கேட்டுச் சொன்னாள். “ஓம். தேடுவாங்களாம்.”

“அப்ப ஓமெண்டு சொல்லுங்க.”

“இஞ்ச புள்ள, அப்பிடி எழுதினா அவன் இயக்கக்காரன் எண்டு புடிக்க…” என்று தொடங்கினான் நல்லரத்தினம்.

“ஓமெண்டு சொல்லுங்க,” என்றாள் ஆச்சிப்பிள்ளை மறுபடியும். புருசனின் பக்கம் திரும்பவே இல்லை.

“எனக்கும் ஓம்,” என்றாள் சீனித்தங்கம்.

அதற்குப் பிறகு எல்லாம் விறுவிறு என்று நடந்தது. வயது என்ன என்று கேட்டார்கள். ஒருத்தி இருபத்தெட்டு என்றாள், மற்றவள் இருபத்திரண்டு என்றாள். இருபத்தைந்து என்று எழுதினார்கள். ஊர் நாவலடி, வாகரை இரண்டையும் எழுதினார்கள். தாயின் பெயருக்கு வந்தபோது எழுதுகிறவர் நிமிர்ந்தார்.

“நீங்க ரெண்டு பேரும் அக்கா தங்கச்சியா? ஒராள் பெத்து மத்தவ வளத்ததெண்டு போட்டாச் சரியா வருமாம்.”

ஆச்சிப்பிள்ளையும் சீனித்தங்கமும் அதுவரை ஒருவரை ஒருவர் நேரே பார்த்ததில்லை. இப்போது பார்த்தார்கள்.

“பெத்தது நான்,” என்றாள் ஆச்சிப்பிள்ளை.

சீனித்தங்கம் கதிரையை மேசைக்குக் கிட்ட இழுத்தாள். “வளத்தது நான்,” என்றாள்.

நல்லரத்தினத்தைத் தகப்பன் என்ற இடத்தில் கையெழுத்து வைக்கச் சொன்னார்கள். அவன் பேனையை வாங்கி உள்ளங்கையில் ஒருமுறை இழுத்துப் பார்த்தான். பின்னால் நின்ற பொலிஸ்காரன் அடுத்தவர்களை உள்ளே விடத் தொடங்கிவிட்டான். நல்லரத்தினம் கையெழுத்தை வைத்தான்.

வெளியே மழை. பைல் இலக்கம் எழுதிக் கொடுத்த துண்டு ஒன்றுதான், அதை யார் வைத்திருப்பது என்று இரண்டு பெண்களும் முதலில் முறுகினார்கள். பிறகு முன்னால் இருந்த கடையில் பிரதி எடுத்து ஆளுக்கொன்றாக வைத்துக்கொண்டார்கள். பஸ் ஏறும்போது சீனித்தங்கம், “போய்ட்டு வாறன் அக்கா. அத்தான், வாறன்,” என்றாள். ஆச்சிப்பிள்ளை தலையை ஆட்டினாள். வீட்டுக்கு வரும்வரை அவள் புருசனோடு ஒரு சொல் கதைக்கவில்லை. வந்த பிறகும் சோறு போட்டு வைத்தாள், கதைக்கவில்லை.

தைப்பொங்கல் கழிந்து இரண்டு பேர் வந்தார்கள். சீருடை இல்லை, சாதாரணக் காற்சட்டை, சேட். மோட்டார் சைக்கிளை ஒழுங்கை முனையில் நிறுத்திவிட்டு, திராய்மடுவில் வீடு வீடாக விசாரித்துக்கொண்டு வந்தார்கள். அயலவர்கள் கதவைச் சாத்திக்கொண்டார்கள். வந்தவர்களில் இளையவன் தமிழ் கதைத்தான், உடைத்து உடைத்து. கையில் ஒரு கடதாசி. அதில் அந்த முகம், போட்டோப் பிரதியில் இன்னும் கறுத்துப்போய்.

“சதீசன் அல்லது லக்ஷன். உங்கட மகன்தானே?”

நல்லரத்தினம் படலையில் நின்றான். “ஓம்,” என்றான். இல்லை என்று சொல்ல அவனிடம் இப்போது வழி இருக்கவில்லை. கையெழுத்து அவனுடையது.

“இயக்கத்தில எந்தப் பிரிவு?”

“அவன் மேசன் வேலை.”

“லக்ஷன் எண்ட பேர் எப்ப வெச்சது?”

“தெரியா.”

“வாகரையில சித்தி இருக்கிறாதானே. அங்க வந்து போறவரா?”

“எங்களுக்குத் தெரியா தம்பி. நாங்கதான் அவனக் காணல்லெண்டு பதிஞ்ச.”

“காணல்லெண்டு பதிஞ்சிட்டு ஒளிச்சு வெச்சிருக்கிற ஆக்களும் இருக்கு,” என்றான் அவன். கோபமாகச் சொல்லவில்லை. மூத்தவன் இதற்குள் வேலிக்கு மேலால் கிணற்றடியையும் கோழிக்கூட்டையும் கண்ணால் அளந்துகொண்டிருந்தான்.

ஆச்சிப்பிள்ளை வாசலுக்கு வந்தாள். “ஆர் அது?”

“சதீசனத் தேடி வந்திருக்காங்க,” என்றான் நல்லரத்தினம். அவளை உள்ளே போகச் சொல்லும் தொனியில்தான் சொன்னான்.

அவள் போகவில்லை. அவள் முகத்தில் சுனாமிக்குப் பிறகு அவன் கண்டிராத ஏதோ ஒன்று ஏறியது. உள்ளே ஓடி இரண்டு பிளாஸ்டிக் கதிரைகளைத் தூக்கிக்கொண்டு வந்தாள். சேலைத் தலைப்பால் அவற்றைத் துடைத்தாள்.

“வாங்க மகன், வாங்க. என்னத்துக்கு வெளிய நிக்கிற? வெயில். உள்ளுக்கு வந்து இருங்க.”

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இப்படி ஒரு வரவேற்பு அவர்களுக்குப் பழக்கமில்லை. படலைக்குள் வந்து கதிரையில் இருந்தார்கள்.

“எங்கெங்க தேடுறீங்க மகன்?”

“எல்லா இடமும் தேடுறம் அம்மா,” என்றான் இளையவன்.

“கொழும்புப் பக்கமுமா?”

“எல்லா இடமும். வெளிநாட்டுக்குப் போனாலும் புடிப்பம்.”

ஆச்சிப்பிள்ளை புருசனைத் திரும்பிப் பார்த்தாள். மாரியிலிருந்து கதைக்காதவள் கதைத்தாள்.

“கேட்டீங்களா? எல்லா இடமும் தேடுறாங்களாம். வெளிநாட்டிலயும்.”

“புள்ள, இவங்க ஆரெண்டு…”

“போய்க் கடையில பால்மாப் பக்கற் ஒண்டு வாங்கிட்டு வாங்க. வெறுந்தேத்தண்ணியக் குடுக்கிறதா?”

அவன் போகவில்லை. போக இடமும் இருக்கவில்லை. மூத்தவன் எழும்பி வந்து படலையில் சாய்ந்து நின்றான். அடுப்படியில் அவள் கேத்திலை வைக்கிற சத்தம் கேட்டது. சட்டி பானையைத் தட்டிக்கொண்டு அவசர அவசரமாக ஏதோ தேடினாள். பெருநாளுக்கு யாரோ கொடுத்த பிஸ்கற் டின்னாக இருக்க வேண்டும்.

தேத்தண்ணீரைக் குடித்து முடித்த இளையவன், அடுத்த மாதம் நல்லரத்தினம் தங்களுடைய கந்தோருக்கு வந்து ஒரு வாக்குமூலம் கொடுக்க வேண்டும் என்றான். அதற்குப் பிறகும் தாங்கள் இடைக்கிடை வந்து பார்ப்போம் என்றான்.

“கட்டாயம் வாங்க,” என்றாள் ஆச்சிப்பிள்ளை. “இவர நான் அனுப்பிவிடுறன். நீங்களும் வாங்க மகன், விட்டிராதீங்க. என்ன கேக்கோணுமோ எல்லாத்தையும் வந்து கேளுங்க.”